நாலு விரல் என்று நான் சொன்ன இடைவெளி

என் உயிருக்கு உயிரான மாப்பிள்ளை சேகருக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. பிக்கப் ஸ்டாண்டில் உன்னோடு வண்டி ஓட்டியவர்கள் சேர்ந்து உன் நினைவாகச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். எனக்கு மட்டும் நாலு பக்கம். நான் உன் மனைவிக்கு அண்ணன் என்பதற்காக மட்டுமல்ல, கள்ளக்குறிச்சியில் என்னளவுக்கு எழுதத் தெரிந்தவன் வேறு யார் இருக்கிறான்? எட்டாவது வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோமே, என் கையெழுத்தைப் பார்த்து வாத்தியார் கண் கலங்கியதை நீயே பார்த்தாய். எதற்காகக் கலங்கினார் என்று நீ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது வேறு கதை.

உன்னைப் பற்றி உயர்வாக எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் சாவுக்கு வந்த வண்டிகள் தியாகதுருகம் வரைக்கும் வரிசை கட்டி நின்றதை எழுதலாம், உன் பிக்கப் ஆளே இல்லாமல் ஒரு தரம் ஹாரன் அடித்ததை எழுதலாம் என்று நினைத்திருந்தேன். எழுதி எழுதித் தாளைக் கிழித்துப் போடுகிறேன் மாப்பிள்ளை. போன வியாழக்கிழமையிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. அந்த வியாழக்கிழமையைச் சொல்லாமல் வேறு எதுவும் எனக்கு எழுத வரவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. என் தங்கச்சி லட்சுமிக்கு முழங்கால் வலி, மற்றபடி நன்றாக இருக்கிறாள். உன் மகள் வளர்மதிதான் இப்போது உன் பிக்கப்பை ஓட்டுகிறாள். ஆமாம், அதே வண்டி. முதுகுக்கு நீ வைத்திருந்த குட்டித் தலையணைகூட அதே இடத்தில் இருக்கிறது. காரியம் முடிந்த மறுநாளே வண்டியை விலைக்குக் கேட்டு ரெண்டு பேர் வந்தார்கள். "விக்கறதுக்கு இல்லீங்க. லைசென்சு எங்கப்பா சும்மாவா எடுத்துக் குடுத்தாரு?" என்று சொல்லிவிட்டு சாவியை எடுத்துக்கொண்டாள். ஸ்டாண்டில் ஒரு வாரம் சிரித்தார்கள். அப்புறம் அவளிடமே மலை லோடைக் கேட்டு வாங்கிப் போக ஆரம்பித்தார்கள்.

போகும்போது சிமெண்ட், தகரம், ரேஷன் மூட்டை. வரும்போது மரவள்ளிக் கிழங்கு, சின்னசேலம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ பேக்டரிக்கு. மலை மேல் இருக்கிற கரியாலூர் வரைக்கும் பிரச்சினை இல்லை. அதைத் தாண்டி உள்ளே போகிற மண்பாதையைத்தான் இந்த வருஷ மழை தின்றுவிட்டது. கல்லெல்லாம் தலை தூக்கி நிற்கிறது. பின் ஆக்சில் நடுவில் கீழே தொங்குகிற பல்சக்கரக் குண்டு ஒவ்வொரு கல்லிலும் டங் டங்கென்று இடிக்கிறதாம்.

"மாமா, கொஞ்சம் ஒசரமா டயர் போட்டா இன்னா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்காக நான் பத்து வருஷம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். நீ இருந்தபோது பெரிய டயர் பேச்சை எடுத்தாலே, "கம்பெனிக்காரன் இன்னா கண்ண மூடிக்கினா அளவு வச்சான், மச்சான்?" என்று ஒரே வரியில் அடைத்துவிடுவாய். நீ இல்லை. அவள் கேட்டாள். நான் விடுவேனா?

"இன்னாவா? சேலத்துலேர்ந்து ஆளுங்க எங்கிட்ட வந்து கேட்டுக்கினு போறாங்க. இதுவரைக்கும் நானூறு வண்டிக்கு மாத்தி குடுத்திருக்கேன்."

"இருநூறு," என்றாள் அவள், முகத்தைக்கூடத் திருப்பாமல்.

உன் வீட்டுச் சட்டம்தான். மாமா எதைச் சொன்னாலும் பாதியாக்கி வைத்துக்கொள் என்று அவளுக்கு மூன்று வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டாய். நான் இருபதடி பாம்பைப் பார்த்தேன் என்றால் அவள் பத்தடி என்பாள். நானும் கோபித்துக்கொண்டதில்லை. சொல்லப்போனால் அதற்குத் தகுந்தமாதிரி கொஞ்சம் ஏற்றியே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரிய டயர் மாட்டுகிற இரும்பு டிஸ்க்கைத் தேடிப் பிடித்தது நான்தான். பழைய இரும்புக் கடையில் நாலும் ஒரே ஜோடியாகக் கிடைத்தது. பதினைந்து இஞ்சிக்குப் பதில் பதினாறு, அதிலும் வண்டி உடம்பை விட்டு டயர் வெளியே தள்ளி நிற்கிற ரகம். மாட்டிப் பார்த்தால் வண்டி புலி பதுங்கி நிற்கிற மாதிரி இருந்தது. துருகம் ரோட்டு டயர்கடை பாய் மட்டும் தாடியைத் தடவிக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏழுமலை, டயர் ஒசரமானா மட்டும் பரவால்ல. வெளிய தள்ளி நின்னா ஸ்டியரிங்க ஒடிக்கும்போது பெரிய வட்டமா வருங்க. மட்கார்டு விளிம்புல மாட்டும். லோடு ஏத்தி, ஒரு சக்கரத்தைக் கல்லு மேல ஏத்தி, ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாத்துட்டு அப்புறம் அனுப்புங்க."

"பாய், இத நான் தூக்கத்துல பண்ணுவேன்," என்றேன்.

காலி வண்டியில், சிமெண்ட் தரையில், ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்தேன். எங்கேயும் உரசவில்லை. இறங்கி, முன் இடது டயருக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு விரல் போயிற்று. ரெண்டாவது விரல் போகவில்லை.

"எவ்ளோ மாமா இருக்குது?"

"நாலு வெரல். தாராளம்."

அவள் மனசுக்குள் அதைப் பாதியாக்கி, ரெண்டு என்று வைத்துக்கொண்டாள். ரெண்டு விரல் இருந்தால் போதும் என்று அவளுக்குத் தெரியும், நீ பழக்கிய பெண் அல்லவா. இருந்தது ஒன்று மாப்பிள்ளை. உன் சட்டத்திலும் அடங்காத பொய்யை அன்றைக்குத்தான் முதல் தடவை சொன்னேன், அதுவும் யோசிக்காமல், வாய்ப்பழக்கத்தில்.

வியாழக்கிழமை காலையில் பூஜை போட்டோம். நான் செய்கிற பூஜை எப்படி இருக்கும்? டயருக்கு ஒரு பொட்டு என்று நிறுத்தவில்லை. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, நாலு டயரின் தோளிலும் ஒரு கை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, அப்படியே வண்டியை சிமெண்ட் குடோனுக்குக் கொண்டுபோனோம். முப்பது மூட்டை ஏறியது. ஸ்பிரிங் பட்டை நன்றாகவே அமுங்கியது. குடோன் வாசலில் சாக்கடை மேட்டில் ஒரு சக்கரம் ஏறி இறங்க, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத்தான் வெளியே எடுத்தாள்.

எடுத்து நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனாள். நான் டயரின் அழகைப் பார்க்கத்தான் குனிந்தேன்.

மட்கார்டின் உள் விளிம்பில் ஒரு சந்தனக் கோடு இருந்தது.

அங்கே நான் சந்தனம் வைக்கவில்லை. அங்கே கையே போகாது. டயர் போய்த் தொட்டு வைத்துவிட்டு வந்த கோடு அது. ஒரு சாண் நீளம், ஈரம் காயாமல், நடுவில் கறுப்பாக ரப்பர் தீற்றலோடு. கோவிலில் பூசாரி எனக்கு இட்டுவிடுகிற மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். பக்கத்தில் ஸ்டாண்டுக்காரர்கள் நாலு பேர், பாயும் எதற்கோ வந்து நின்றிருந்தார். காலையிலிருந்து நான் அவர்களிடம் பேசிய பேச்சு எனக்கே காதில் கேட்டது. தோளில் இருந்த துண்டை எடுத்து அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டேன். துடைத்துவிட்டு நிமிர்ந்தால் வளர்மதி டீயைக் குடித்துவிட்டு வருகிறாள்.

"கெளம்பட்டுமா மாமா?"

"போய்ட்டு வாம்மா. ராணி மாதிரி போ."

போய்விட்டாள். என் வாயிலிருந்து வந்த வார்த்தைதான் அது, மாப்பிள்ளை. நான் சொல்லித்தான் போனாள்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். டீயைக் கையில் வாங்கியதும்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குடோன் மேட்டில், நடக்கிற வேகத்தில் தொட்டதற்கே அவ்வளவு பெரிய கோடு. மலையில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் முழுசாக ஒடிக்க வேண்டும். முப்பது மூட்டை பாரம். அந்தத் தகர விளிம்பு கத்தி மாதிரி டயரின் தோளைச் சீவும். ஒரு வளைவில் சீவும், ரெண்டு வளைவில் சீவும், எத்தனையாவது வளைவில் டயர் கிழியும்? கிழியும்போது வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கும்? மலைச்சுவர் பக்கமா, இன்னொரு பக்கமா?

போன் மேல் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது போன் எடுக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்ததும் நீதானே. மொபெட்டை எடுத்தேன். கச்சிராயபாளையம் வரைக்கும் எண்பதில் போனேன். அந்த மொபெட் எண்பதில் போகாது என்று நீ சொல்வாய். எனக்கு அப்படித்தான் இருந்தது, வழியில் ஒரு மரத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

கோமுகி அணை தாண்டும்போது அவளே திருப்பிக் கூப்பிட்டாள். அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டியிருந்தாள்.

"இன்னா மாமா, பதினாலு வாட்டி போன் பண்ணிக்கினு இருக்க?"

"வளரு, வண்டிய எடுக்காத! டயரு உரசுது! வெடிச்சிடும்! ஆயிரம் அடி பள்ளம், வண்டி சுக்குநூறாப் பூடும்!"

அந்தப் பக்கம் சிரிப்பு.

"ஆயிரம்னா ஐநூறு. சரி மாமா, பாத்து போறேன். நீ டீயக் குடி."

"அய்யோ, நெஜமாத்தான்…"

"நாலு வெரல் இருக்குதுன்னு நீதான் சொன்ன. இப்ப இன்னா புதுசா? மேல சிக்னல் இருக்காது, வச்சிர்றேன்."

வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. நடு ரோட்டில் மொபெட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டு, நான் சின்ன வயசிலிருந்து சொன்ன ஒவ்வொரு பெரிய பேச்சையும் நினைத்துப் பார்த்தேன். நாற்பது வருஷமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் சேர்ந்து வந்து அந்தப் பெண்ணின் காதை அடைத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறபோதுகூட எனக்கு ஆயிரம் அடி என்றுதான் வருகிறது, என்ன செய்வேன்?

மலை ஏறினேன். மொபெட் மூச்சு வாங்கியது, நானும்தான். முதல் வளைவில் ஒன்றும் இல்லை. அடுத்ததில் ஒன்றும் இல்லை. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அதற்கடுத்த வளைவில் ரோட்டின் மேல் கறுப்பாக என்னவோ கிடந்தது. இறங்கி எடுத்தேன். பென்சில் சீவினால் வரும் சுருள் மாதிரி ரப்பர். மூக்கில் வைத்துப் பார்த்தேன், கருகிய வாடை. அதற்கு மேலே ஒவ்வொரு வளைவிலும் அது கிடந்தது. போகப்போகச் சுருள் தடிப்பாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் ரோட்டைப் பார்ப்பதா, தடுப்புச் சுவர் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதா என்று தெரியாமல் பாதிக் கண்ணை மூடிக்கொண்டேன். நீ எங்கே இருந்தாய் அப்போது? நான் கூப்பிட்டது கேட்டதா?

ஒரு வளைவுக்குக் கீழே வரும்போது மேலே விசில் சத்தம். அண்ணாந்து பார்த்தேன். வெள்ளிமலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸும் நம் பிக்கப்பும் மூக்கோடு மூக்காக நிற்கிறது. பஸ்ஸுக்கு வளைவு முழுசும் வேண்டும். அதனால் அவள் பின்னால் எடுத்து, முழுசாக ஒடித்து, பள்ளத்து ஓரமாக ஒதுங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை ஒடிக்கும்போதும் எஞ்சின் சத்தத்தையும் மீறி கர்ர்ர் என்று ஒரு அறுப்பு. மட்கார்டு நடுங்குவது கீழே இருந்தே தெரிந்தது.

மொபெட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. பிக்கப்புக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றேன்.

"யோவ் பெருசு, சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலியா? வழிய வுடுய்யா!" என்றார் பஸ் டிரைவர்.

வளர்மதி ஜன்னலில் தலையை நீட்டினாள். "மாமா! நீ இன்னா இங்க?"

வெடிக்கும், கிழியும், பள்ளம், எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன். கையைத் தூக்கி ஒரு விரலைக் காட்டினேன்.

"ஒண்ணு."

"இன்னா ஒண்ணு?"

"ஒரு வெரல்தான் இருந்துச்சி வளரு. ரெண்டு கூட இல்ல. நாலுன்னு சொன்னது பொய்யி."

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் கை பிரேக்கைப் போட்டு, எஞ்சினை நிறுத்தி, முட்டுக்கல்லோடு கீழே இறங்கினாள்.

"நீ கம்மி பண்ணிச் சொல்லி நான் கேட்டதே இல்ல மாமா," என்றாள்.

கல்லை வைத்துவிட்டுக் குனிந்து, செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள். கையை உள்ளே விட்டுத் தடவினாள். டயரின் தோள் ஒரு சாண் நீளத்துக்கு அறுந்து, உள்ளே நூல் வெள்ளையாகத் தெரிந்தது. கூட வந்து எட்டிப் பார்த்த கண்டக்டர் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டார். பஸ் டிரைவர் தன் வண்டியைப் பின்னால் எடுத்து வழி விட்டார்.

பள்ளம் எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியாது மாப்பிள்ளை. நான் எட்டிப் பார்க்கவில்லை.

இனி என்ன செய்வது என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் பின்னால் ஏறித் தார்ப்பாயை விலக்கினாள். சிமெண்ட் மூட்டைகளின் மேல் பழைய சக்கரம் ரெண்டு இருந்தது, நீ ஓட்டிய அதே சின்ன டயர்.

"இத எதுக்கும்மா தூக்கிக்கினு வந்த?"

"உன் பேச்சுல பாதியத்தான நம்பணும்? நீ மாட்டுன நாலு டயருல பாதி ரெண்டு. அதான் ரெண்டு பழசு எடுத்துக்கினு வந்தேன்."

பஸ்ஸில் வந்த ரெண்டு பேர் ஜாக்கி பிடிக்க, முன்னால் ரெண்டு பக்கமும் பழைய சக்கரத்தை மாட்டினோம். பின் டயரை அவள் தடவிப் பார்த்து, இது உரசவில்லை என்றாள். வண்டி முன்னால் தாழ்ந்து, பின்னால் தூக்கி, கும்பிடு போடுகிற மாதிரி நின்றது. மெதுவாகக் கரியாலூர் போய்ச் சேர்ந்து, உள்ளே இருக்கிற ஊருக்கு டிராக்டரில் மூட்டையை மாற்றிவிட்டு, பொழுது சாய்வதற்கு முன் இறங்கிவிட்டோம். நான் துடைத்ததைத் தவிர, இதுவரைக்கும் ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும்.

தெரியாதது இன்னும் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன்.

சக்கரம் மாட்டி முடித்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "டயரு உரசுதுன்னு உனக்கு எப்படி மாமா தெரிஞ்சிது? நான் கெளம்பும்போது நல்லாத்தான இருந்துது?"

துண்டு என் தோளில்தான் இருந்தது. அதில் சந்தனமும் ரப்பர்க் கறுப்பும். மடித்து அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளிக்கொண்டேன்.

"உங்கப்பன் வந்து காதுல சொன்னான்," என்றேன்.

சொன்ன மறு நிமிஷம் அவள் பாதியாக்குவாள் என்று காத்திருந்தேன். "அப்பா பாதிதான் வந்தாரா?" என்று கேட்டுச் சிரிப்பாள், நானும் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் பாதியாக்கவில்லை. "அப்பாவா?" என்றாள். அப்புறம் மட்கார்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். நீ போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. நான் சொன்னதில் அவள் முழுசாக நம்பியது அது ஒன்றைத்தான்.

இப்போது பழைய டயர்களிலேயே அவள் வண்டி எடுக்கும்போது பக்கத்து சீட்டில் யாரையும் உட்கார வைப்பதில்லை. லட்சுமியிடம், "அப்பா பாத்துக்கினுதான்மா இருக்காரு, நீ பயப்படாத" என்கிறாள். எனக்குத்தான் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. நீ பார்த்துக்கொள்கிறாய் என்ற தைரியத்தில் அவள் ஒருநாள் குனிந்து பார்க்காமல் வண்டியை எடுத்தால்? என் பொய் மறுபடியும் அவளோடு மலை ஏறுகிறதே? மலையில் பட்ட பயம் ஒரு பகலோடு போயிற்று. இது போகமாட்டேன் என்கிறது. அந்தத் துண்டை நான் இன்னும் துவைக்கவில்லை. பீரோவுக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கிறேன். ராத்திரி அது அங்கே இருப்பது தெரிகிறது.

நீ காதில் வந்து சொல்லவில்லை. சந்தனம் சொன்னது. நான் அதைத் துடைத்தேன்.

உனக்கு நான் தருகிற வாக்கு இது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, இந்தப் புத்தகம் அச்சாகி அவள் கைக்குப் போவதற்கு முன்னால், பாய் கடைக்கு வண்டியைக் கொண்டுபோகிறோம். வெளியே தள்ளாத டிஸ்க்கை பாயே பார்த்து வைத்திருக்கிறார். முப்பது மூட்டையும் ஏற்றுவோம். ஒரு சக்கரத்தைக் கல்லின் மேல் ஏற்றுவோம். டயரின் தோளில் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி, ரெண்டு பக்கமும் முழுசாக ஒடித்துவிட்டு, உள்ளே எங்கே கோடு விழுந்திருக்கிறது என்று எல்லோருக்கும் முன்னால் நானே குனிந்து பார்ப்பேன். விழுந்திருந்தால் விழுந்தது என்று சொல்வேன். ஒரு விரல் என்றால் ஒரு விரல்.

அதற்கப்புறம் அந்தத் துண்டை எடுத்து அவள் கையில் கொடுப்பேன். உங்கப்பன் வரவில்லை, நான் பார்த்தேன், துடைத்தேன் என்று சொல்வேன். அதோடு வாயை மூடிக்கொள்வேன்.

அந்த நேரத்துக்கு மட்டும் நீ கொஞ்சம் பக்கத்தில் வந்து நிற்க முடியுமா, மாப்பிள்ளை? என் பொய்யை மெய்யாக்குவதற்கு இல்லை. துண்டை நீட்டும்போது அவள் என்னைப் பார்ப்பாளே, அப்போது எனக்குத் தனியாக நிற்க பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் லட்சுமிக்கு அண்ணனும்
உன் வளர்மதிக்குத் தாய்மாமனுமான
ஏழுமலை